பதவிக்குரிய புருவம்

“கேட்டீங்களா, இல்லையா?”

“கேக்கணும்.”

“இதையேதான் போன மாசமும் சொன்னீங்க.”

“நேரம் பார்த்துக் கேக்கணும்மா. தலைவர் நல்ல மனநிலையில இருக்கணும்.”

“அவர் மனசு நல்லா ஆகறதுக்குள்ள நம்ம புள்ள காலேஜ் முடிச்சிடும்.”

“உனக்கென்ன, சொல்லிட்டே. ஏறிட்டுப் பார்த்தாதானே கேக்க முடியும்? பார்த்தா வம்பு.”

“அப்ப தரையைப் பார்த்துக் கேளுங்க.”

“அதுவும் பண்ணிப் பார்த்தேன். ‘என்னய்யா கீழ போட்டுட்டுத் தேடறே?’ன்னாரு.”

பேருந்துப் படியில் ஒரு காலை வைத்திருந்த மனைவி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டுநர் ஹாரன் அடித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. “எட்டாவது மாசம் பொறக்கப் போகுது. வலி வர்றப்ப நீங்க பக்கத்துல இருக்கணும். அதுக்கப்புறமும் இருக்கணும். ஞாயித்துக்கிழமை மட்டும் வந்துட்டுப் போற அப்பா நம்ம புள்ளைக்கு வேணாம். கேளுங்க, என்ன?” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நடந்த அந்தப் பேச்சு, திங்கட்கிழமை காலையில் மேசைமுன் உட்கார்ந்திருந்தவனுக்கு வரிக்கு வரி நினைவுக்கு வந்தது. பேரகராதி வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் அவனுக்குப் பிழை திருத்தும் வேலை. எல்லோரும் ‘புரூஃப்’ என்றே கூப்பிட்டுப் பழகி, சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அவன் பெயர் இல்லாமல் போயிருந்தது. மனைவி வேறோர் ஊரில் மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிப்பவள். அந்த ஊரிலும் வாரியத்துக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. அங்கே ஓர் இடம் வெகுநாளாகக் காலி. தலைவர் ஒரு கையெழுத்துப் போட்டால் அந்த இடம் இவனுக்கு. தலைவரிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் அவனால் முடியவில்லை. காரணம், அவனுடைய இடது புருவம்.

சிறுவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து நெற்றி கிழிந்தபோது தையல் போட்டவர் கொஞ்சம் இழுத்துத் தைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்தப் புருவம் அரை விரல் உயரத்தில் போய் நின்றுகொண்டது. ‘நீயெல்லாம் ஓர் ஆளா?’ என்று கேட்கிற மாதிரி நிற்கும். உள்ளே இருக்கும் மனிதனோ நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். பள்ளியில் வாத்தியார்கள், “என்னடா முறைக்கிறே?” என்று கேட்டுக் கேட்டு அவன் தரையைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டான். ரத்தம் கொடுக்கப் போன இடத்தில், “ஊசி குத்தறதுக்கு முன்னாடியே இப்படிப் பார்த்தா எப்படிங்க? குத்திட்டு அப்புறம் திட்டுங்களேன்” என்று சொன்ன ஒருத்தியைத்தான் அவன் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் புருவத்தைப் பார்த்துச் சிரித்த முதல் ஆள் அவள்தான்.

இனி வாரியத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் எழுதுவது வாரியத்தின் பணி. மற்ற அகராதிக்காரர்கள் நாலு புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து எழுதிவிடுவார்கள். வாரியம் அந்த மாதிரி அவசரப்படுவதில்லை. அங்கே ‘கண்கூடு விதி’ என்று ஒன்று உண்டு. ஒரு பண்பைக் குறிக்கும் சொல் எதுவானாலும், அந்தப் பண்பைக் குழு உறுப்பினர்கள் நேரில், கண்ணால் பார்த்த பிறகே அதற்குப் பொருள் எழுதலாம். ‘வழுக்கையான’ என்ற சொல்லுக்குக் கணக்கர் தம் தலையைக் கொடுத்துதவினார். ‘வாடிய’ என்பதைச் செயலாளர் அறைப் பூந்தொட்டியை வைத்து முடித்தார்கள். ‘கண்ணுக்குத் தெரியாத’ என்ற சொல்லுக்காக ஒரு காலி நாற்காலியைக் காலை முழுவதும் உற்றுப் பார்த்து, ஒருமனதாக நிறைவேற்றினார்கள். ‘அழகிய’ மட்டும் உறுப்பினர்களின் மனைவிமாருக்குள் மூண்ட மனக்கசப்பால் இன்னும் நிலுவையில் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை குழுவின் முன் வந்த சொல் ‘சூப்பர்சிலியஸ்’. தன்னை மற்றவர்களைவிட உசத்தி என்று எண்ணிக்கொண்டு எல்லோரையும் இளக்காரமாகப் பார்க்கிற என்று பொருள். அச்சுத்தாளைக் கொண்டுவந்த புரூஃப் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். கூட்டம் முடிந்ததும் கேட்டுவிடுவது என்று தீர்மானித்திருந்தான்.

“அப்படிப்பட்ட ஆள் ஒருத்தர் வேணும். இங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டார் செயலாளர் அம்மா.

தலைவர் மோவாயை உயர்த்தி, இமைகளைப் பாதி இறக்கி, கூரைக்கும் சுவருக்கும் நடுவே எங்கேயோ பார்த்தபடி பேசினார். “இந்தக் கட்டடத்துல அப்படி ஒருத்தர் இருக்கவே முடியாது. ஏன்னா இங்க நான் இருக்கேன். என்னைப் பார்த்துத்தான் எல்லாரும் அடக்கம் கத்துக்கறாங்க. போன வாரம் பாருங்க, லிஃப்ட்ல கீழ்நிலை ஊழியர்கள் ரெண்டு பேர் இருந்தாங்க. நானும் ஏறினேன். அவங்களை இறங்குங்கன்னு சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல. அவங்களே இறங்கிட்டாங்க.”

“நானும் எல்லாரையும் சமமாத்தான் நடத்தறேன் சார்,” என்றார் செயலாளர் அம்மா. “ஒருத்தர் பேருகூட எனக்குத் தெரியாது.”

சொற்களின் மூலத்தை ஆராயும் அறிஞர் கண்ணாடியைத் துடைத்தார். “லத்தீன் தெரியாதவங்களை நான் இளக்காரமா நினைக்கறதே இல்ல. அவங்களைப் பத்தி நினைக்கறதே இல்ல.”

குழுவின் அடக்கம் ஒருமனதாகப் பதிவு செய்யப்பட்டது. புரூஃப் அன்றும் கேட்காமலே திரும்பினான். அதன்பின் அலுவலகம் முழுவதும் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘தம்மை மற்றவர்களைவிட உசத்தி என்று கருதும் ஊழியர்கள் மாலைக்குள் செயலாளரை நேரில் சந்திக்கவும்.’ ஒருவரும் வரவில்லை. அடக்கமானவர்கள் வரத் தயங்கினார்கள். மற்றவர்கள், செயலாளர் தங்களைத் தேடி வரட்டும் என்று இருந்துவிட்டார்கள்.

புதன்கிழமை மூல அறிஞர் ஓர் அறிக்கையோடு வந்தார். “சொல்லோட வேரைப் பிடிச்சிட்டேன். லத்தீன்ல ‘சூப்பர்’னா மேலே. ‘சிலியம்’னா கண்ணிமை. இமைக்கு மேல இருக்கறது என்ன? புருவம். ‘சூப்பர்சிலியம்’னா புருவம். ரோமானியர்களே அந்தச் சொல்லைத் திமிருக்கும் வெச்சிருந்தாங்க. அடுத்தவனை இளக்காரமாப் பார்க்கறப்ப புருவம் மேல போகுதில்லையா, அதான்.”

“அப்ப ஆளைத் தேட வேணாம்,” என்றார் தலைவர். “புருவத்தைத் தேடினாப் போதும்.”

எதிர்த்தெருத் தையற்காரரை அழைத்து வந்து, ஊழியர்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி, இமையிலிருந்து புருவம் வரை நாடாவால் அளந்தார்கள். தையற்காரர் தொழில் பழக்கத்தில் ஒவ்வொருவரிடமும், “கொஞ்சம் லூசா விடட்டுமா?” என்று கேட்டார். தலைவர், செயலாளர், அறிஞர் மூவரின் முறை வந்தபோது நாடா போதவில்லை. உடனே ஒரு சுற்றறிக்கை போனது: ‘அதிகாரிகளின் புருவங்கள் பதவிக்குரிய உயரத்தில் இருப்பதால் அவர்களுக்கு அளவெடுப்பிலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது.’

வரிசையின் கடைசியில் புரூஃப் நின்றிருந்தான். தையற்காரர் வலப்பக்கம் அளந்தார். இடப்பக்கம் அளந்தார். மறுபடி வலப்பக்கம் போனார். “சார், இவருக்கு மட்டும் ஒரு பக்கம் தூக்கலா இருக்கு,” என்று குரல் கொடுத்தார்.

தலைவர் நேரில் வந்து பார்த்தார். “பார்த்தீங்களா! இத்தனை நாளா நம்ம நடுவுலயே இருந்திருக்கான். அதான் என் முகத்தைப் பார்த்துப் பேச மாட்டான். நான் ஏதோ பயம்னு நினைச்சேன். என்னைப் பார்க்கறது அவனுக்குக் கௌரவக் குறைச்சலா இருந்திருக்கு!”

“சார், சின்ன வயசுல சைக்கிள்லேருந்து...” என்று ஆரம்பித்தான் புரூஃப்.

“சைக்கிள் வேற வெச்சிருந்தாராம்,” என்று செயலாளர் அம்மா குறித்துக்கொண்டார்.

அன்று பிற்பகலே அவனைத் தலைவர் அறைக்கு அழைத்துவிட்டார்கள். எத்தனையோ மாதமாக எந்தக் கதவுக்கு வெளியே நின்று நின்று திரும்பினானோ, அதே கதவு விரியத் திறந்தது. புருவத்தால் ஒரு நன்மை நடக்கப்போகிறது என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை. உள்ளே போனதும் தொண்டையைச் செருமினான். “சார், எனக்கு ஒரு...”

“பேசாதீங்க. உதாரணம் பேசாது,” என்றார் செயலாளர் அம்மா.

அவன் அந்தச் சொல்லின் வாழும் உதாரணமாக நியமிக்கப்பட்டிருந்தான். அறையின் நடுவே ஒரு சின்ன மேடை போட்டு, அதன்மேல் வெல்வெட் நாற்காலி வைத்திருந்தார்கள். அவன் நுனியில் உட்கார்ந்தான். கைகளை மடியில் கட்டிக்கொண்டான். தலை தானாகவே தொங்கியது.

குழு அவனை வெகுநேரம் பார்த்தது. குறிப்பெடுக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

“தம்பி, கொஞ்சம் திமிரா இருங்க,” என்றார் அறிஞர்.

“வரலை சார்.”

“புருவம் மட்டும் இருந்தாப் போதாது, உழைக்கணும்,” என்று அலுத்துக்கொண்டு எழுந்தார் தலைவர். “இங்க பாரு. மொதல்ல மோவாய். ஆளைப் பார்க்கக் கூடாது, ஆளுக்குப் பின்னாடி இருக்கற சுவரைப் பார்க்கணும். ஒருத்தன் வணக்கம் சொன்னா உடனே பதில் சொல்லிடக் கூடாது. அவன் போனப்புறம் தலையை ஆட்டணும். பேரைச் சொன்னா, தெரிஞ்சவனா இருந்தாலும் ‘யாரு?’ன்னு கேக்கணும். கஷ்டத்தைச் சொன்னான்னு வெச்சுக்கோ, கடிகாரத்தைப் பார்க்கணும். புரியுதா? இதெல்லாம் எனக்கு வராது. உனக்காக நடிச்சுக் காட்டறேன்.”

நடிப்பு மாலை வரை நீண்டது. தலைவர் ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. செயலாளர் அம்மா ஒன்று விடாமல் எழுதிக்கொண்டு, தலைப்பில் ‘புரூஃபிடம் நேரில் கண்டவை’ என்று போட்டார்.

மறுநாள் நியமன ஆணையை உரக்கப் படித்தார்கள். சொல் அச்சேறி, அகராதி விற்றுத் தீர்ந்து, மறுபதிப்பு வரும்வரை உதாரணமானவர் தலைமை அலுவலகத்தை விட்டு வேறெந்தக் கிளைக்கும் நகரக் கூடாது. சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். முன்னொரு காலத்தில் போட்ட அகராதியின் கட்டுகளே விற்காமல் கிடங்கில் கூரை வரை அடுக்கியிருப்பது புரூஃபுக்குத் தெரியும். அந்தக் கட்டுகளின்மேல் குட்டி போட்ட பூனையின் பேரக்குட்டிகள் இப்போது அங்கே எலி பிடிக்கின்றன. அவன் முகம் சுண்டிப்போனது. இடது புருவம் மட்டும் எப்போதும் போல உயரத்தில் நின்றது. “பாருங்க, ஆணையைக்கூட மதிக்கல. பிரமாதம்!” என்று அறிஞர் பாராட்டினார்.

அதன்பிறகு அலுவலகத்தில் அவன் நிலைமை மாறிப்போயிற்று. திமிர் பிடித்தவர் என்று வாரியமே சான்றளித்த ஒருவரிடம் எப்படி நடந்துகொள்வது? அவன் லிஃப்டில் ஏறினால் மற்றவர்கள் இறங்கினார்கள். “அட, நீங்களும் வாங்க” என்று கூப்பிட்டால், குத்திக்காட்டுகிறான் என்று பயந்து மாடிப்படியைத் தேடி ஓடினார்கள். போன வாரம்வரை அவன் டிபன் பாக்ஸிலிருந்து உரிமையோடு எடுத்துத் தின்ற கணக்கர், இப்போது அனுமதி கேட்டுத் தின்றார்.

மதிய இடைவேளையில் மனைவி தொலைபேசியில் அழைத்தாள்.

“கேட்டீங்களா?”

“தலைவர் ரூமுக்குள்ளயே இப்ப வெச்சிருக்காங்கம்மா.”

“வெச்சிருக்காங்களா? என்னத்தை?”

“என்னைத்தான். மேடை போட்டு, நாற்காலி போட்டு. திமிர்பிடிச்ச ஆளுக்கு நான்தான் உதாரணமாம்.”

அவள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. பின்னாலிருந்து யாரோ, “அக்கா, மெதுவா! வயித்துல புள்ள இருக்கு!” என்று அதட்டினார்கள்.

“நீங்களா? திமிரா? கொசு கடிச்சாக்கூட அது சாப்பிட்டு முடிக்கட்டும்னு உக்காந்திருக்கற ஆளு!” என்று மூச்சு வாங்கினாள். “சரி, அதையும் இதையும் விடுங்க. மாறுதல்?”

அவன் ஆணையைச் சொன்னான். மறுபதிப்பு என்ற வார்த்தையை மென்று விழுங்கித்தான் சொன்னான். அந்தப் பக்கம் சிரிப்பு சுத்தமாக வற்றிப்போயிற்று.

“அப்ப வர மாட்டீங்க.”

“அப்படி இல்லம்மா...”

“காலையில கால் ரெண்டும் வீங்கியிருந்துச்சு. செருப்பு ஏறல. டாக்டர் வேலையைக் குறைன்னு சொல்றாங்க. ஒத்தாசைக்கு யாரு இருக்கான்னு கேட்டாங்க. வீட்டுக்காரர் இருக்கார்னு சொல்லிட்டேன். பொய் சொன்ன மாதிரி ஆயிடக் கூடாது. அவ்வளவுதான்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் அவனும் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பான். அவள் சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அன்று முழுவதும் வெல்வெட் நாற்காலியில் அவன் தலை இன்னும் கீழே தொங்கியது. நடிப்பில் முன்னேற்றம் இல்லை என்று குழு வருத்தப்பட்டது.

வெள்ளிக்கிழமை அந்தச் சொல்லுக்கு ஒப்புதல் தரத் துறை ஆணையர் வருவதாக இருந்தது. வாரியத் தலைவருக்கும் மேலே உள்ளவர். உதாரணத்தைத் தாமே ஒரு முறை பார்த்து ‘இவர்தான்’ என்று சொல்லிவிட்டால் பொருள் முடிவாகிவிடும். ஆணையர் சொன்னதை மாற்றிச் சொல்லும் வழக்கம் வாரியத்தில் கிடையாது.

கூட்ட அரங்கு நிரம்பியிருந்தது. மேடைமேல் நாற்காலி, நாற்காலியில் புரூஃப். அவனுக்குப் பக்கத்தில், விளக்கிச் சொல்வதற்காகத் தலைவர் நின்றுகொண்டிருந்தார். வரவேற்கும் பதற்றத்தில் அவர் மோவாய் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. இமைகள் முக்கால்வாசி இறங்கியிருந்தன. இரண்டு புருவங்களும் முன்வழுக்கையின் எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்தன.

ஆணையர் தாமதமாக வந்தார். யாருக்கும் முழுக் கையைக் கொடுக்காமல் இரண்டு விரல்களை மட்டும் நீட்டிக் கைகுலுக்கியபடி வரிசையைக் கடந்தார். மேடைக்குக் கீழே வந்து நின்று, கண்ணாடியை மாட்டி, மேலே பார்த்தார்.

“ஆகா!” என்றார்.

தலைவர் புன்னகைத்தார்.

“எத்தனையோ அகராதி பார்த்திருக்கேன். இவ்வளவு கச்சிதமா ஓர் ஆளை யாரும் பிடிச்சதில்ல. அந்தப் புருவத்தைப் பாருங்க! அந்த மோவாய்! பார்த்த உடனே நாம ஏதோ தப்புப் பண்ணிட்ட மாதிரி இருக்கே. எங்கய்யா பிடிச்சீங்க இவரை?” என்று தலைவரைச் சுட்டிக்காட்டிக் கேட்டார்.

“சார்... நான் வந்து...” என்றார் தலைவர்.

“குரலைக் கேளுங்க, குரல்கூட!” ஆணையர் பூரித்துப்போனார். “இவர்தான். சந்தேகமே இல்ல. எழுதிக்குங்க.”

செயலாளர் அம்மா தலைவரைப் பார்த்தார், ஆணையரைப் பார்த்தார், எழுதிக்கொண்டார்.

“அது சரி, நாற்காலியில உக்காந்திருக்காரே, இவர் யாரு?”

“இவரா சார்? இவர்... நாற்காலி தூசி ஆகாம பார்த்துக்கறவர் சார்,” என்றார் செயலாளர் அம்மா. உடனே மேடைப் பக்கம் திரும்பி, “இறங்குங்க, இறங்குங்க! உதாரணம் உக்காரணும்!” என்றார்.

புரூஃப் இறங்கினான். தலைவர் உட்கார வைக்கப்பட்டார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை, “ஐயா, நீங்க பேசக் கூடாது” என்று அறிஞர் காதோடு எச்சரித்தார். ஆணையர் முன்வரிசையில் அமர்ந்து தம் உரையைத் தேடிச் சட்டைப் பைகளைத் துழாவ ஆரம்பித்தார். அரங்கு காத்திருந்தது.

புரூஃப் மேடைக்குக் கீழே நின்றான். நகரக் கூடாது என்ற ஆணை இப்போது நாற்காலியில் இருப்பவருக்குத்தான். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. நில் என்றும் சொல்லவில்லை. மூன்று நாள் உதாரணமாக இருந்ததில் அவனுக்கு ஒன்று மட்டும் விளங்கியிருந்தது. தலையைக் குனிந்தபோதும் திமிர் என்றுதான் எழுதினார்கள். பயந்தபோதும் அப்படியே எழுதினார்கள். இதற்குமேல் எழுத அவர்களிடம் என்ன இருக்கிறது? வீங்கிய காலோடு ஒருத்தி செருப்பு ஏறாமல் நிற்கிறாள். அவள் டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்த வார்த்தை ஒன்று இருக்கிறது.

மேடைமேல் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் ஏறிட்டுத்தான் பார்க்க வேண்டும். அவன் ஏறிட்டுப் பார்த்தான். தலைவரின் முகத்தை அவன் முழுதாகப் பார்ப்பது அதுவே முதல் தடவை. அந்தப் பெரிய புருவங்கள் இரண்டும் கீழே இறங்கி, கண்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. யாரிடமாவது ஏதாவது கேட்க நினைத்து, கேட்கத் தெரியாமல் விழிக்கிற மனிதரின் முகமாக அது இருந்தது. அந்த முகத்தை அவனுக்கு நன்றாகத் தெரியும். தினமும் சவரம் செய்துகொள்ளும்போது கண்ணாடியில் பார்ப்பதுதான்.

அவன் புருவம் அதன் உயரத்திலேயே நின்றது. அதை அவன் இறக்க முயலவில்லை.

“சார்,” என்றான். குரல் கடைசி வரிசைவரை போனது. “என் வீட்டுக்காரிக்கு எட்டாவது மாசம் பொறக்கப் போகுது. அவ ஊர்க் கிளையில ஓர் இடம் காலியா இருக்கு. எனக்கு அங்க மாறுதல் குடுங்க, சார். நான் அவ பக்கத்துல இருக்கணும்.”